வேலி வளைந்த பக்கம்

கொடியொன்று ஹயஸ் வான் வண்டியின் கண்ணாடி இடுக்கால் உள்ளே வந்துவிட்டது, வந்து ஸ்டியரிங்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அது போதாமல் இன்னும் எதையோ தேடி நுனியை நீட்டுகிறது, சாரதி ஆசனத்தில் அருளம்பலம் இருக்கிறார், வெள்ளைச் சேட்டின் கையை முழங்கை வரை மடித்துவிட்டபடி, கொடி தன் மணிக்கட்டில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார், பிடுங்கி எறியுங்கோவன் என்று மனோன்மணி பின்னாலிருந்து சொல்கிறாள், அதுக்கும் ஒரு இடம் வேணுமெல்லே என்கிறார் அவர், திரும்பிப் பார்க்காமலே, திரும்பினால் இது கனவென்று தெரிந்துவிடும் என்ற பயம் அவளுக்கு, ஆகையால் முகத்தைக் காட்டுங்கோ என்று கேட்கவில்லை, வெளியே மைனாக்கள் கத்தத் தொடங்குகின்றன, திரைச்சீலையின் ஓட்டைகளால் வெளிச்சம் புள்ளிபுள்ளியாக விழுகிறது, ஆசனத்தில் யாருமில்லை, கொடியுமில்லை, நேற்று அவள் கழற்றி மாட்டிய கையுறைகள்தான் ஸ்டியரிங்கில் தொங்குகின்றன, வெட்டிய செடிகளின் பால் காய்ந்து கறுத்துப்போய்.

அந்த ஆசனத்தில்தான் அவளுடைய புருசன் செத்துப்போனார், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வான் இது, ஒரு மத்தியானம் புளியமரத்தின் கீழ் ஓரங்கட்டி நிறுத்தி, கைப்பிரேக்கையும் ஒழுங்காக இழுத்துவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டார், மாமா நித்திரை, சத்தம் போடாதேங்கோ என்று பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறது, அவ்வளவு பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு, மடியில் புத்தகப்பையோடு, வியர்க்க வியர்க்க இருந்திருக்கிறார்கள், தேடிக்கொண்டு வந்த ஒரு தாய் கதவைத் திறந்தபோதும், உஷ், மாமா படுக்கிறார் என்றுதான் சொன்னார்களாம், அந்தப் பிள்ளைகளை நினைத்தால் அவளுக்கு இப்போதும் நெஞ்சு இளகிவிடும், அழவேண்டியதை அவர்களை நினைத்துத்தான் அழுதாள், பிறகு இருந்த வாடகை வீட்டையும் வீட்டுக்காரர் மகளின் கலியாணத்துக்கென்று கேட்டுவிட்டார், பிள்ளைகுட்டி இல்லாதவள் எங்கே போவது, பின்னாசனங்களைக் கழற்றிவிட்டு, ஒரு மெத்தை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு வாளி, அவருடைய படம், எல்லாவற்றையும் வானுக்குள் ஏற்றிக்கொண்டாள், ஏற்றிக்கொண்டு கோயில் வீதியிலும் சந்தை வெளியிலும் அவள் நிறுத்தி நிறுத்திக் கிடந்த காலத்தில்தான் சிவயோகம் ஒருநாள் கண்ணாடியில் தட்டினாள், விசரி, நீ ஏன் றோட்டில கிடக்கிறாய், எங்கட காணியை ஆமிக்காரர் விட்டிட்டாங்கள், வா, ரெண்டு பேருமாத் துப்பரவாக்குவம், உனக்கும் ஒரு மூலை தாறன், வானைக் கல்லில ஏத்தி வைச்சு வீடாக்கு.

சிவயோகம் யாரென்று உங்களுக்குச் சொல்லவேண்டும், சொந்தக்காரி இல்லை, சண்டைக்காலத்தில் ஊர் ஊராக எழும்பி ஓடியவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோது, ஒரே வகுப்பறையைச் சேலை கட்டிப் பிரித்து, இந்தப் பக்கம் மனோன்மணியும் அருளம்பலமும், அந்தப் பக்கம் சிவயோகமும் அவளைப் பெற்ற ஐயா தம்பிமுத்துவும், சேலைக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுவது இந்தப் பக்கம் கேட்கும், பகிடி விட்டால் இரண்டு பக்கமும் சிரிக்கும், அப்படித்தான் பழக்கமானார்கள், அவளுடைய ஊர் மாவிலங்கடி, கடற்கரைக்குக் கிட்ட, அந்த ஊரையே எழுப்பிவிட்டுப் படைக்காரர் முகாம் அடித்துக்கொண்டார்கள், முப்பது வருசம், இப்போது துண்டுதுண்டாக விடுகிறார்கள், விட்ட துண்டுக்கும் விடாத துண்டுக்கும் நடுவில் முட்கம்பி இழுத்திருக்கிறார்கள், விட்ட துண்டும் காணியாகவா கிடக்கிறது, இபிலிபில் மரமும் உடைமரமும் பாவட்டையும் ஈச்சம்பற்றையும் பின்னிப்பிணைந்து, ஒழுங்கை எது வளவு எது என்று தெரியாமல், சுவர்களைக் கல்லுக்கல்லாக எடுத்துக்கொண்டு போனபின் மிஞ்சிய காடு, கண்ணிவெடி பார்த்து முடித்துவிட்டோம் என்று வாயால் சொன்னார்கள், அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் ஒவ்வொரு அடியும் வைக்கவேண்டும், அந்தக் காட்டுக்கு நடுவே நின்று சிவயோகம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இதுதான் என்றாள், எதடி என்று கேட்டாள் மனோன்மணி, இதுதானடி, எங்கட வளவு.

மனோன்மணி வானைக் காட்டின் வாயில் விட்டாள், அன்றிலிருந்து அதுதான் அவளுடைய வீடு, சிவயோகம் இருப்பது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருக்கிற நலன்புரி முகாமில் ஒரு தகரக் கொட்டில், விடிய பஸ்ஸில் வந்து இறங்குவாள், கையில் பாணும் சம்பலும் இருக்கும், இரண்டு பேரும் வானின் படியில் குந்தியிருந்து பிளேன்ரீ குடிப்பார்கள், பிறகு ஆளுக்கொரு காட்டுக்கத்தி, ஒரு கோடாலி, வேர் கிளப்ப ஒரு அலவாங்கு, உயரக் கொப்புகளை இழுக்க நீளத்தடியில் கட்டிய கொக்கச்சத்தகம், நீ வெட்டுறதைப் பாத்தால் காட்டுக்குக் கூச்சமெல்லே எடுக்கும், கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டு நிக்கிறாய் என்று சிவயோகம் சீண்டுவாள், உன்ர காணிதானே, நீயே மொட்டையடி என்று மனோன்மணி கத்தியைக் கீழே போடுவாள், போட்டுவிட்டு மறுபடி எடுப்பாள், இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது, உடம்பு மறுநாள் கணக்குக் கேட்கும், ஆனாலும் காலையில் கத்தி தீட்டுகிற சத்தம் வந்தால் உடம்பு தானாக எழும்பிவிடும், இவ்வளவு காலம் பஸ்ஸுக்கும் வரிசைக்கும் காத்திருந்த உடம்பு, இப்போதுதான் ஏதோ ஒன்றை நோக்கி அசைகிறது, வெட்டிய முட்கொப்புகளைக் கும்பிகும்பியாக இழுத்துக் கொளுத்துவார்கள், புகைக்குள் மனோன்மணிக்கு அருளம்பலம் தெரிவார், சேட்டுக் கையை மடித்துக்கொண்டு, இதிலையோ வானை நிப்பாட்டப் போறாய் என்று கேட்பார், இதில்லை, அந்தா, கிணத்துக்குப் பக்கத்தில என்று அவள் வாய்க்குள் சொல்வாள், ஆருக்கடி சொல்லுறாய் என்பாள் சிவயோகம், ஒருத்தருக்குமில்லை.

கிணறு அகப்பட்ட நாளை மனோன்மணி நினைத்துப் பார்க்கிறாள், பற்றையை வெட்டிக்கொண்டே போக சிவயோகத்தின் கத்தி சீமெந்தில் பட்டுக் கணீரென்றது, வட்டக் கட்டு, உள்ளே ஒரு நாவல்மரமே முளைத்து வெளியே தலைநீட்டியிருந்தது, அடியில் தண்ணீர் கறுப்பாக ஒரு சொட்டு, மனோன்மணி கிணற்றுக்கட்டருகே முழங்காலில் நின்று அழுதாள், யோகம், உன்ர கிணறடி என்றாள், சிவயோகம் அழவில்லை, ம் என்றாள், கிணற்றைப் பார்க்கவும் இல்லை, கம்பிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு ஐயாவின் நினைவு வந்துவிட்டது என்று மனோன்மணி நினைத்தாள், தேற்றுகிற மாதிரி முதுகைத் தடவிக்கொடுத்தாள், அதன்பிறகு கிணற்றின் மேற்குப் பக்கம் தன் மூலையென்று அவளாகவே தீர்த்துக்கொண்டாள், வானை இப்படி நெடுக்காக விட்டு, சில்லுகளைக் கழற்றி, நான்கு மூலைக்கும் கல்லடுக்கி, பக்கக் கதவு திறக்கிற இடத்தில் ஒரு தாழ்வாரம் இறக்கி, கொடிகட்டி உடுப்புக் காயப்போடவேணும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, வழியில் யாரிடமோ கேட்டு வாங்கிய முருங்கைத் தடியொன்றையும் அந்த இடத்தில் ஊன்றிவிட்டாள், அது துளிர்த்தும்விட்டது, ஊன்றும்போது சிவயோகம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், முருங்கை வீட்டுக்குக் கிட்ட ஆகாதடி, மசுக்குட்டிப் புழு வரும் என்று மட்டும் சொன்னாள்.

தம்பிமுத்துவின் வேலிக்கதை மனோன்மணிக்கு மனப்பாடம், அந்த வகுப்பறையில் விளக்கில்லாத பொழுதுகளில் சேலைக்கு அப்பாலிருந்து சிவயோகம் சொல்லச் சொல்லக் கேட்டது, பக்கத்து வளவுக்காரர் கந்தவனம், இரண்டு வளவுக்கும் நடுவில் பூவரசந் தடிகளைக் கதியாலாக நட்ட வேலி, வருசாவருசம் வேலி அடைக்கிற நேரம் பட்ட கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கதியால் நடுவார்கள், கந்தவனம் நடுகிற கதியால் எல்லாம் ஒரு பெருவிரலளவு தம்பிமுத்துவின் பக்கம் தள்ளி நிற்கும், அதற்கு அரக்குவது என்று பெயர், ஒரு வருசம் ஒரு விரல், அடுத்த வருசம் இன்னொரு விரல், வேலியின் இரண்டு தலைப்பிலும் எல்லைக்கல் இருப்பதால் அங்கே கைவைக்க ஏலாது, நடுவில்தான் அரக்கமுடியும், அரக்கி அரக்கி வேலி நடுவில் தம்பிமுத்துவின் வளவுக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, வேலிக்கு வயிறு வைச்சிட்டுது, ஆர் காரணமோ தெரியேல்லை என்று சிவயோகத்தின் அம்மா கேட்டு, ஐயாவைக் கோபத்தில் சோறு தின்னவிடாமல் செய்திருக்கிறாள், தம்பிமுத்து விடியவிடியக் கயிறு பிடித்து அளப்பார், கந்தவனம் அங்காலிருந்து பல்லுத் தீட்டிக்கொண்டே, என்ன தம்பிமுத்தண்ணை, மாசம் எத்தினை என்று கேட்பார், கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அவர்களும் அப்போது சிரித்தவர்கள்தான், குண்டுச்சத்தத்துக்கு நடுவிலும் அந்த வேலியின் வயிற்றைச் சொல்லித்தான் இரண்டு பக்கமும் சிரித்தது, தம்பிமுத்து மட்டும் சிரிக்கவில்லை, திரும்பிப் போனதும் நேராக்கிப்போடுவன் என்று சேலைக்கு அப்பாலிருந்து சொன்னார், அந்த வகுப்பறையிலேயே அவர் காய்ச்சலில் கிடந்து செத்தபோதும் கடைசியாகக் கயிறு எங்கே என்றுதான் கேட்டார்.

கம்பிவரை வெட்டிப் போய்ச் சேர்ந்த அன்று பின்னேரம், வெயில் சாய்ந்து மரநிழலெல்லாம் நீண்டு கிடந்த நேரம், சிவயோகம் முகம் கழுவப் போய்விட்டாள், மனோன்மணி கடைசிக் கொடியை இழுத்து வீசிவிட்டு நிமிர்ந்தாள், கம்பியோரம் பூவரச மரங்கள் வரிசையாக நிற்கின்றன, அப்போதுதான் முழுசாகத் தெரிகின்றன, ஒருகாலத்தில் கதியாலாக நின்றவை, வெட்டுவாரில்லாமல் மரமாகிக் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில், ஆனால் வரிசை கலையாமல், கதியால் மரமானாலும் இடம் மாறாதுதானே, இதுதானே ஐயாவின் வேலி என்று அவளுக்குக் கும்பிடத் தோன்றியது, முட்கம்பி நேர்கோடு, படைக்காரர் இழுத்தது, நூல் பிடித்த மாதிரி, மர வரிசை நேரில்லை, இரண்டு தலைப்பிலும் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் ஆள் படுக்கலாம், நடுவிலோ கம்பி மரத்தோடு உரசி, ஓரிடத்தில் மரம் கம்பியைத் தின்றேவிட்டது, பட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது, இந்தா பார், வேலியின் வயிறு என்று அவள் தனக்குள் சிரித்தாள், சிரித்த வாய் அப்படியே நின்றது, வயிறு அங்கால் அல்லவா தள்ளியிருக்கிறது, கம்பிப் பக்கம், விடாத காணிப் பக்கம், இவள் நிற்கிற பக்கம் தெரிவது வேலியின் முதுகு, தம்பிமுத்துவின் வளவுக்குள் நின்றால் வயிறு தன்னை நோக்கித் தள்ளவேண்டும், தன் காலடி மண்ணைப் பறிக்கவேண்டும், இங்கே மண் பறிபோகவில்லை, வந்து சேர்ந்திருக்கிறது, அரக்கிய ஆளின் காணி இது, கந்தவனத்தின் காணி, கந்தவனத்தின் கிணறு, அவள் முருங்கை ஊன்றியது கந்தவனத்தின் மண்.

அதைக் காணாத மாதிரி இருக்கப் பார்த்தாள், கண்டதைக் கண் திரும்பக் கொடுக்காது, மறுநாளும் வெட்டினாள், அதற்கு மறுநாளும், யோகத்துக்குத் தெரியாது, பாவம், தெரிந்தால் உடைந்துபோவாள், ஒழுங்கை அழிந்த காட்டில் யார்தான் பிழைவிடமாட்டார்கள், எப்படிச் சொல்வது, எந்த வாயால் சொல்வது என்று அவளுக்காகவே மனோன்மணி நெஞ்சைப் பிசைந்துகொண்டாள், கனவில் அருளம்பலம் வானைக் கம்பிக்குள்ளால் ஓட்டிக்கொண்டு போகிறார், கம்பி அறுவதில்லை, வான் அறுவதில்லை, பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார்கள், வந்திட்டுதோ மாமா, வந்திட்டுதோ என்று கண்ணால் கேட்கிறார்கள், மத்தியான நித்திரை கலைந்து விழித்தால் கிணற்றடியில் சிவயோகம் அலவாங்கோடு நிற்கிறாள், நாவல்மரத்தின் வேரைக் கிளப்ப, மனோ, இண்டைக்கு இதை எடுத்துப்போடுவம், கந்தவனத்தாற்ற மகள் வாற கிழமை வெளிநாட்டால வந்து இறங்கிறாளாம், அதுக்கு முதல் கிணத்தை இறைச்சுப்போடவேணும் என்கிறாள், சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலும் விழுந்து, அலவாங்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

மனோன்மணி வானின் படியில் இருந்தாள், எழும்பவில்லை, வேலியின்ர வயிறு எந்தப் பக்கமடி, யோகம், என்று கேட்டாள், மெல்லத்தான் கேட்டாள், பிள்ளையிடம் பாடம் கேட்கிற மாதிரி, சிவயோகம் அலவாங்கைக் கிணற்றுக்கட்டில் சாத்திவிட்டு, நிலத்தில் இருந்தாள், அங்கால, என்றாள், எப்ப தெரியும், முதல் நாளே தெரியும், பூவரசைக் கண்டவுடனே தெரியும், பிறகேனடி இதுதான் எண்டு சொன்னனீ, சிவயோகம் மண்ணை அள்ளி அள்ளி விட்டாள், பிறகு ஒரே மூச்சில் சொன்னாள், கம்பியடியில சும்மா போய் நிண்டால் நிக்க விடுறாங்களில்லை மனோ, போனவருசம் போய் நிண்டனான், என்ன பாக்கிறாய், போ, போ எண்டு கலைச்சவங்கள், காணி துப்பரவாக்கிறன் எண்டால் ஆரும் கேக்கமாட்டினம், கத்தியும் கையுமா நாள் முழுக்க நிக்கலாம், நிமிருற நேரமெல்லாம் பாக்கலாம், அந்தா தெரியுதே உச்சி, அது எங்கட கறுத்தக்கொழும்பான் மாமரம், அதைப் பாத்துக்கொண்டு வெட்டினன், ஐயா எல்லே அந்த மாவை நட்டது, எனக்கு உன்னை ஏமாத்தவேணும் எண்டு ஒரு எண்ணமுமில்லை, அவங்கள் விட்டால் உனக்கு மூலை தருவன், சத்தியமாத் தருவன், விட்டால், என்றாள் மனோன்மணி, ஓம், விட்டால், என்றாள் சிவயோகம்.

நான் இந்த ஊத்தைக் கிணத்தடியில முருங்கை நட்டனான், நீ மசுக்குட்டி வரும் எண்டு சொன்னனீ, என்றாள் மனோன்மணி, கோபமென்றால் கத்தியிருக்கலாம், இது கோபத்துக்கு அடியில் கிடக்கிற ஏதோ ஒன்று, அவள் எழுந்து ஒவ்வொன்றாக எடுத்து வானுக்குள் வைத்தாள், அடுப்பை வைத்தாள், வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாள், ஈரச்சேலையைக் கொடியிலிருந்து உருவினாள், முருங்கையின் கிட்டப் போய் நின்றாள், பிடுங்கவில்லை, வேரோடியதைப் பிடுங்க அவளுக்குக் கை வராது, பிறகு சாரதி ஆசனத்தில் ஏறி இருந்து சாவியைத் திருகினாள், இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது, சிவயோகம் நிலத்திலிருந்து எழும்பி வந்து கதவைப் பிடிக்கவில்லை, மறிக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, போறியே என்றாள், அவ்வளவுதான், போகத்தான் மனோன்மணியும் ஏறினாள், கோயில் வீதியை நினைத்தாள், சந்தை வெளியை நினைத்தாள், கண்ணாடியில் தட்டி எடு எடு என்று சொல்கிற கைகளை நினைத்தாள், எல்லா இடமும் ஏற்கெனவே இருந்து எழும்பிய இடம், எங்க போறது, என்று அவள் சொன்னது எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிராது, அவளுக்கே கேட்கவில்லை.

வானைத் திருப்பினாள், ஆனால் றோட்டுப் பக்கம் திருப்பவில்லை, வெட்டிய அடிக்கட்டைகளுக்கு மேலால் வான் துள்ளித்துள்ளிப் போகிறது, உள்ளே வாளி உருள்கிறது, அருளம்பலத்தின் படம் எங்கோ சரிந்து விழுகிறது, மெல்லவடி, சில்லு போயிடும் என்று சிவயோகம் பின்னால் ஓடி வருகிறாள், வேலியின் வயிறு கம்பியோடு உரசுகிற இடத்தில், முன்பம்பர் பூவரசில் முட்டுமாப்போலக் கொண்டுபோய் நிறுத்தி, மனோன்மணி இறங்கினாள், ஏறு, என்றாள், எதில, என்றாள் சிவயோகம், மேல, கூரைக்கு, கீழ நிண்டு உச்சியை மட்டும் பாத்து என்ன, ஏறி முழுசாப் பார், பின்கதவில் ஏணி இருந்தது, பிள்ளைகளின் பைகளை மேலே கட்டுகிற காலத்தில் அருளம்பலம் பூட்டியது, சிவயோகம் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, மனோன்மணி கீழேயிருந்து பாதத்தைத் தாங்கித் தாங்கிக் கொடுக்க, ஏறினாள், கூரைத் தகரம் டங்கென்று பள்ளமாகிப் பிறகு நிமிர்ந்தது.

பின்னேர வெயில் அவள் முகத்துக்கு நேரே அடித்தது, கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள், கம்பிக்கு அங்காலுள்ள படைக்காரரின் காவற்கொட்டிலில் இருந்து யாரும் கலைக்கவும் வரவில்லை, என்னடி தெரியுது என்று மனோன்மணி கேட்டாள், காடு, என்றாள், வீடு, என்று கீழேயிருந்து கேட்டாள், இல்லை, அத்திவாரம் எண்டாலும், ஒண்டுமில்லை மனோ, இருந்த இடமும் தெரியேல்லை, மாமரம் நிக்குதெல்லே, என்று கேட்டாள் மனோன்மணி, சிவயோகம் கால் மாறி நின்ற சத்தத்தைத் தகரம் கீழே அனுப்பியது, அது மாவில்லையடி, என்றாள் பிறகு, இஞ்ச நிண்டு பாத்தால் வடிவாத் தெரியுது, ஏதோ காட்டுமரம், நான் இவ்வளவு நாளும் அதையோ பாத்துக்கொண்டிருந்தனான், அழுகையில்லாத குரல், தண்ணீர் வற்றிய வாய்க்கால் மாதிரி, இறங்கி வா என்று சொல்ல மனோன்மணி வாயெடுத்தாள், இறங்கினால் அவள் எதைப் பார்த்துக்கொண்டு நாளைக்கு நிற்பாள், அடுத்த கிழமை கந்தவனத்தின் மகள் வந்து இந்த இடத்தில் மதில் எழுப்பினால் இருவரும் எங்கே நிற்பார்கள், அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்ததெல்லாம் மேலே நிற்கிறவளின் கால் நடுங்குவது, அந்த நடுக்கம் வானின் தகரத்தால் இறங்கித் தன் உள்ளங்கைக்கு வருவது, அவள் வானைப் பிடித்துக்கொண்டு, யோகம், என்ர மூலை எது, என்று கேட்டாள்.

சிவயோகம் குனிந்து பார்த்தாள், பகிடியோ என்று பார்த்தாள், பகிடியில்லை என்று கண்டு நிமிர்ந்து, காட்டை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை கண்ணால் அளந்து, கையை நீட்டினாள், அந்தா, அதில, எங்கட கிணத்துக்கு மேற்கால, காலமை வெயில் படாது, கீழே நின்றவளுக்கு நீட்டிய கையின் அடிப்பக்கம்தான் தெரிந்தது, அது எதைக் காட்டுகிறதென்று தெரியவில்லை, அப்பால் ஆகாயம், ம், என்றாள் மனோன்மணி, தண்ணி அள்ளக் கிட்ட, ஓம், கிட்டத்தான், என்றாள் சிவயோகம், கதவை எந்தப் பக்கம் விட, நீ சொல்லு, உன்ர வீடெல்லே, மனோன்மணி யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், நெற்றியைப் பூவரசில் சாய்த்துக்கொண்டு, எந்தப் பக்கமெண்டாலும் விடு, இந்தக் கம்பியைப் பாத்து மட்டும் வேண்டாம், என்றாள்.